ஊர்த்தளம் ஊருக்கு வந்த கதை

2022 சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் முந்தி எங்கள் சனசமூக நிலையத்தின் இணையத்தளத்துக்கு ஆண்டுக் கட்டணம் கேட்டு மின்னஞ்சல் வந்தது. டொலரில்தான் கட்டவேண்டும். பங்குனித் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் அந்தக் கிழமை 300ஐத் தாண்டி நின்றது. நிலையத்துப் பெட்டியில் இருந்த காசு பாதிக்கும் காணாது. காணும் என்றாலும் கட்ட வழியில்லை, அட்டையில் வெளிநாட்டுக்குப் பணம் போகாது என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

செயலாளர் அண்ணை மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபடி போன் எடுத்தார். "தம்பி, சமைக்கிறதுக்கே வழியைக் காணேல்லை. உதை விடுவமே?"

"விடேலாது அண்ணை" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவருக்கும் தெரியும். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில் இறங்கி உள்ளுக்குப் போகும் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அந்தத் தளம் 2013இல் தொடங்கியது. மரண அறிவித்தல்கள், கோயில் பொங்கல் படங்கள், பல்கலைக்கழகம் போன பிள்ளைகளின் பெயர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் வாத்தியார் ஒருவர் ஊரின் குளங்களையும் வயல்வெளிகளையும் பற்றி எழுதிய நாற்பத்துச் சொச்சம் கட்டுரைகள் அதில் இருந்தன. வாத்தியார் இப்போது இல்லை. அவர் எழுதிய கொப்பிகளும் இல்லை.

நான் மாங்குளம் சந்தியில் போனும் கொம்பியூட்டரும் திருத்துகிறவன். அதனால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். தளத்தை முழுதாக இறக்கி, நிலையத்தின் வாசிகசாலையில் இருந்த பழைய கொம்பியூட்டரில் ஏற்றுவது. ரவுட்டர் ஒன்று வைத்தால் டேட்டா இல்லாமலே பெடியள் போனில் பார்க்கலாம். டொலர் அடங்கினால் பிறகு மேலே கொண்டுபோகலாம்.

இதில் முதலில் விளங்கவேண்டிய ஒன்று இருக்கிறது. தளத்துக்கு இரண்டு கட்டணம். பெயருக்கு ஒன்று, அது குடியிருக்கும் வீட்டுக்கு ஒன்று. வீட்டுக் கட்டணம்தான் பெரிது. பெயரைக் கைவிட்டால் நாளைக்கு யாரோ சூதாட்டக்காரன் அதை வாங்கி ஊர்ப் பெயரில் கடை விரிப்பான். ரொறன்ரோவில் இருக்கிற ஊர் அண்ணா ஒருவரைப் பிடித்துப் பெயரை மட்டும் கட்டவைத்தேன். வீட்டை விட்டோம். அதைக் காலிசெய்ய ஒன்பது நாள் இருந்தது.

அன்றிரவு போனில் யாரோடோ "நாளைக்கு இடம்பெயர்க்க வேணும்" என்று கதைத்துக்கொண்டிருந்தேன். அடுப்படியில் இருந்த அம்மா வெளியே வந்து நின்றா. "எங்கை?" என்றா. இணையத்தளம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "பத்திரங்களை எடுத்தனியோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டா.

அவ கேட்டது சரியான கேள்வி. எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டியது. வேர்ட்பிரஸ் தளம் என்பது இரண்டு பொதி. ஒன்று கோப்புகள்: படங்கள், வடிவமைப்பு, செருகிகள் என்கிற துணை நிரல்கள், வேர்ட்பிரஸின் சொந்த நிரல். மற்றது தரவுத்தளம். எழுதிய ஒவ்வொரு சொல்லும் அதற்குள்தான் இருக்கிறது. கோப்புறையை மட்டும் கொப்பி எடுத்துவிட்டு "எல்லாம் எடுத்தாச்சு" என்று நிம்மதியாக நித்திரை கொண்டவர்களை எனக்குத் தெரியும். தளபாடத்தை உழவு இயந்திரத்தில் ஏற்றிவிட்டு காணி உறுதியை அலுமாரியில் விட்டுவந்த மாதிரி.

இறக்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நாட்களில் கறண்ட் அட்டவணைப்படி போகும். பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூட இல்லாமல் இருந்திருக்கிறோம். எங்கள் வீட்டில் நாலு ஜி சிக்னல் ஒரு கோடுதான். குளக்கட்டில் ஏறினால் மூன்று கோடு, ஆனால் இரவு பத்துக்குப் பிறகு அங்கே யானைக்குத்தான் இடம். மலிவு டேட்டாவோ நள்ளிரவுக்குப் பிறகு. ரவுட்டரைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துத் தண்ணீர்த் தாங்கியின் மேல் கட்டி, கம்பியை யன்னலால் இழுத்துக்கொண்டேன். வாடகை நிறுவனத்தின் முழுக் காப்புப் பொத்தான் ஒவ்வொரு முறையும் பாதியில் அறுந்தது. கடைசியில் பைல்சில்லா என்ற மென்பொருளைக் கொண்டு கோப்பு கோப்பாக இழுத்தேன்.

இழுக்கத் தொடங்கிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நீங்கள் ஏற்றுவது ஒரு படம். வேர்ட்பிரஸ் அதை 150, 300, 768, 1024 என்று பல அளவில் குட்டிபோட்டு வைக்கும். குட்டிகளின் பெயரின் வாலில் அந்த அளவு ஒட்டியிருக்கும். அந்த வால் உள்ளவை எல்லாவற்றையும் வடிகட்டிவிட்டு மூலப் படங்களை மட்டும் இறக்கினேன். குட்டிகளை இங்கே வந்து திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், அதற்குச் செருகி இருக்கிறது. எட்டு இரவு என்று போட்ட கணக்கு மூன்றில் முடிந்தது. தரவுத்தளத்தைச் சுருக்கி எடுத்தால் ஒரு பாட்டின் அளவுதான், இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது.

வாசிகசாலைக் கொம்பியூட்டரில் எக்ஸாம்ப் போட்டேன். பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சி, தரவுத்தளத்துக்கு மரியாடிபி, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி மூன்றும் ஒரே பொதியில் வரும், இணைய வழங்கி ஒன்று மேசையில் வந்து உட்கார்ந்த மாதிரி. எந்தப் பதிப்பு என்பதில் அவசரப்படக்கூடாது. புதியது நல்லது என்று பிஎச்பி 8 உள்ளதைப் போட்டேன், முகப்பு வெள்ளையாக வந்தது. எழுத்து இல்லை, பிழைச்செய்தி இல்லை. பிழைகாட்டும் வரியைத் திறந்து பார்த்தால், எங்கள் பழைய வடிவமைப்பு பயன்படுத்தும் ஒரு கட்டளை பிஎச்பி 8இல் தூக்கப்பட்டுவிட்டது. பழைய வீட்டில் இருந்தது 7.4. அதே 7.4 உள்ள எக்ஸாம்பை மீண்டும் போட்டேன். குடிபெயர்க்கும் நாளில் வீட்டைப் புதுப்பிக்கவும் நினைப்பது என் பழைய வருத்தம்.

தரவுத்தளம் சுருக்கத்தை அவிழ்த்தால் 61 எம்பி. எக்ஸாம்போடு வரும் தரவுத்தளக் கருவியான பிஎச்பிமைஅட்மின் 40க்கு மேல் ஏற்காது. வரம்பைக் கூட்டலாம், ஆனால் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் ஒரே வரியில் ஏற்றுவது சுகம். ஒன்று மட்டும்: விண்டோஸின் புதிய கட்டளைத் திரையான பவர்செல்லில் அந்த வரி வேலைசெய்யாது. கோப்பை உள்ளே தள்ளும் அந்த இடப்பக்கக் கூர்க்குறியைப் பவர்செல் ஏற்பதில்லை. பழைய கட்டளைத் திரையையே திறக்கவேண்டும். இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டேன்.

ஏறியது. தளத்தைத் திறந்தேன். திரை முழுக்க வட்டத்துக்குள் ஆர்.

பொருட்களின் பெட்டியில் பதிவுசெய்யப்பட்ட வணிகக்குறி என்று காட்ட ஒரு சின்ன வட்டம் போட்டு உள்ளே ஆர் எழுதியிருப்பார்களே, அதுதான். தலையில் சாய்கோடு வைத்த ஒரு சின்ன ஏ, பக்கத்தில் வட்ட ஆர், பிறகு ஏதோ ஒரு குறி. மீண்டும் ஏ, மீண்டும் ஆர். அம்மன் கோயில் பொங்கல், மரண அறிவித்தல், வாத்தியாரின் குளங்கள் எல்லாம் வணிகக்குறியாகிக் கிடந்தன. பக்கத்தில் நின்ற பெடியன் ஒருவன், "அண்ணை, வைரஸோ?" என்றான்.

வைரஸ் இல்லை. இணையத்தில் யூனிகோடை எழுதும் யூடிஎப்8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, ஆகவே 15 பைற். எல்லாத் தமிழ்க் குறிக்கும் முதல் பைற் ஒன்றே. இரண்டாவது பைற்றும் இரண்டில் ஒன்றுதான். அந்த மூன்று பைற்றை ஒரு தமிழ் எழுத்தாகச் சேர்த்துப் படிக்காமல், மூன்று ஐரோப்பிய எழுத்தாகப் பிரித்துப் படித்தால் முதலாவது சாய்கோட்டு ஏ, இரண்டாவது வட்ட ஆர். புள்ளி, உகரக் குறி போன்றவற்றுக்கு மட்டும் ஆருக்குப் பதில் ஒரு மேல்கோடு வரும். அன்று அந்தக் குப்பையை உற்றுப் பார்த்தே எங்கே புள்ளி வைத்த எழுத்து இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். பிரயோசனமில்லாத திறமை.

பழைய வீட்டில் சரியாகத் தெரிந்தது இங்கே ஏன் குழம்பியது? பழைய அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். எழுத்துக் குறியீட்டைச் சொல்லவேண்டிய வரி வெறுமையாக இருந்தது. 2013இல் தளத்தைக் கட்டியவர்கள் இதே குழப்பத்தைப் பார்த்திருக்கிறார்கள், அந்த வரியை வெறுமையாக்கினால் சரிவரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரிவந்தது, ஆனால் எப்படி? வேர்ட்பிரஸ் தமிழைக் கொடுக்கும்போது தரவுத்தளம் ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து வாங்கி வைக்கும். திருப்பிக் கேட்கும்போது அதே பிழையோடு திருப்பிக் கொடுக்கும். போகும்போது ஒரு பிழை, வரும்போது ஒரு பிழை, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒன்பது வருடம் அப்படியே ஓடியிருக்கிறது. நான் புதிதாக, முறையாக எழுதிய அமைப்புக் கோப்பு வரும்போது உள்ள பிழையை நிறுத்திவிட்டது. போகும்போது செய்த பிழை வெளியே வந்துவிட்டது.

நானும் அந்த வரியை வெறுமையாக்கியிருக்கலாம், ஒரு நொடி வேலை. மனம் ஒப்பவில்லை. அடுத்த முறை தூக்குகிறவன் நானாக இல்லாமலும் போகலாம்.

மருந்து இதுதான். குழம்பிய நிலையிலேயே தரவுத்தளத்தை உள்ளூரில் ஏற்றியாயிற்று. அதை மீண்டும் வெளியே எடுக்கும்போது அந்த ஐரோப்பியக் குறியீட்டின் பெயரான 'லத்தீன்1' என்று சொல்லி எடுக்கவேண்டும், குறியீட்டை அறிவிக்கும் வரியைக் கோப்பில் எழுதவேண்டாம் என்றும் சொல்லவேண்டும். அப்போது மூன்று ஐரோப்பிய எழுத்தும் மூன்று பைற்றாகத் திரும்பி விழும், அந்த மூன்றும் சேர்ந்தால் தமிழ். அந்தக் கோப்பை நோட்பாட் பிளஸ்பிளஸில் திறந்தபோது முதற்பக்கத்திலேயே 'வெளி' என்ற சொல் கண்ணில் பட்டது. பிறகு அட்டவணைகளின் வரையறையில் லத்தீன்1 என்று இருந்த இடமெல்லாம், யூடிஎப்8க்குத் தரவுத்தளம் வைத்த பெயரான 'யூடிஎப்8எம்பி4' என்று மாற்றி, அதே பெயரைச் சொல்லி வெறும் தரவுத்தளம் ஒன்றில் ஏற்றினேன். மூலப் பிரதியை இன்னொரு இடத்தில் தொடாமல் வைத்துக்கொண்டுதான் இவ்வளவும்.

இவ்வளவு கூத்திலும் குழம்பாமல் இருந்தவை கட்டுரைகளின் விலாசங்கள். தமிழ்த் தலைப்பில் இருந்து உருவாகும் விலாசத்தை வேர்ட்பிரஸ் வீதக்குறி போட்ட எண்களாகச் சேமிக்கிறது. அவை வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும்தான், எந்தக் குறியீட்டில் படித்தாலும் மாறாது. ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம். விலாசத்துக்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்து. ஒரு தமிழ்க் குறி அந்த முறையில் ஒன்பது எழுத்தைத் தின்னும், ஆகவே விலாசத்தில் 22 குறியோடு தலைப்பு முறிந்துவிடும். எங்கள் பழைய மரண அறிவித்தல்களின் விலாசங்கள் எல்லாம் 'அமரர்' என்று தொடங்கிப் பெயரின் நடுவில் அறுந்து கிடந்ததற்குக் காரணம் அதுதான்.

அடுத்தது தளத்தின் சொந்த விலாசம். வேர்ட்பிரஸ் தன் விலாசத்தைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும், அதுவும் ஆயிரம் இடத்தில். புதிய இடத்தில் திறந்தால் பழைய இடத்துக்கே ஓடும். கோப்பை நோட்பாட்டில் திறந்து பழையதைத் தேடிப் புதியதைப் போடுவது எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. செய்யவேண்டாம். சில தகவல்களை வேர்ட்பிரஸ் சாக்குப் போலக் கட்டி வைக்கிறது, சாக்கின் வெளியே இத்தனை பைற் என்று எண்ணும் எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் விலாசத்தை நீங்கள் மாற்றினால் நிறை மாறும், வெளியே எண் மாறாது. நிறை பொருந்தாத சாக்கை வேர்ட்பிரஸ் பேசாமல் ஒதுக்கிவிடும், பக்கப்பட்டையில் இருந்தவை காணாமற்போகும். உள்ளே மாற்றி எண்ணையும் திருத்தும் தேடிமாற்றும் செருகிகள் இருக்கின்றன, அதில்தான் செய்யவேண்டும். எழுத்துக் குழப்பத்தை முதலில் தீர்த்ததும் இதற்காகத்தான். குழம்பிய தமிழ் தன் உண்மையான நிறையை விடக் கூட இருக்கும், அந்த நிலையில் மாற்றப் போனால் தமிழ்ப் பெயர் வைத்த சாக்குகள் ஒன்றும் திறபடாது.

இவ்வளவும் தெரிந்த நானே விலாசத்தை மூன்று தரம் மாற்றினேன். முதலில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று போட்டேன். என் திரையில் பிரமாதம், பெடியளின் போனில் ஒன்றும் வரவில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்றால் 'நான்' என்று பொருள். போன் அதைக் கேட்டால் தன்னையே தேடும். கொம்பியூட்டருக்கு 192.168.1.10 என்று நிலையான எண் கொடுத்து அதை விலாசமாக்கினேன். விண்டோஸின் சொந்த இணையச் சேவை 80ஆம் வாசலைப் பிடித்து வைத்திருந்ததால் அப்பாச்சியை 8080க்கு ஒதுக்கியிருந்தேன், ஆகவே விலாசத்தின் பின்னால் அதுவும் ஒட்டவேண்டும். பிள்ளைகள் அந்த வாலை மறந்து மறந்து வந்து கேட்டார்கள். கடைசியில் அந்தச் சேவையை நிறுத்தி, அப்பாச்சியை 80க்குக் கொண்டுவந்து மூன்றாவது தரமும் மாற்றினேன். முதலே செய்திருக்கவேண்டும்.

முகப்பு திறந்தது, உள்பக்கம் ஒவ்வொன்றும் 404, பக்கத்தைக் காணவில்லை என்று. உள்பக்கங்களுக்கு வழிகாட்டும், புள்ளியில் பெயர் தொடங்கும் ஒளிப்புக் கோப்பு (.htaccess) வந்துசேரவில்லை. நிரந்தர இணைப்பு அமைப்பில் போய் ஒருமுறை சேமி என்று அழுத்தினேன், சரி.

வைகாசியில் ஒரு நாள், அட்டவணையில் இல்லாத நேரத்தில் கறண்ட் போனது. யூபிஎஸ் இரண்டு நிமிடம் கத்திவிட்டு ஓய்ந்தது. திரும்ப வந்தபோது எக்ஸாம்பில் தரவுத்தளம் எழும்பவில்லை, எதிர்பாராமல் நின்றுவிட்டது என்று ஒரு சிவப்பு வரி மட்டும். இணையத்தில் இதற்குக் கிடைக்கும் மருந்துகளில் பாதி 'ஐபிடேட்டா1' என்ற கோப்பை அழிக்கச் சொல்லும். அழித்தால் சேவை எழும்பும், உங்கள் அட்டவணைகள் எழும்பாது. டேட்டா கோப்புறையின் பெயரை மாற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, எக்ஸாம்போடு வரும் பேக்கப் கோப்புறையை அந்த இடத்தில் கொப்பி பண்ணி, பழையதிலிருந்து உங்கள் தரவுத்தளக் கோப்புறையையும் அந்த ஐபிடேட்டா1ஐயும் எடுத்து அதற்குள் போடவேண்டும். எனக்கு எழும்பியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுக்கிறேன். பென் வாசிகசாலையில் இருக்காது, அம்மாவின் அலுமாரியில் உறுதிகளோடு இருக்கும்.

எக்ஸாம்பை வெளியுலகுக்குத் திறந்துவிடாதீர்கள். தரவுத்தளத்தின் மேலாளர் கணக்குக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் வரும் பொதி அது. எங்கள் ரவுட்டர் சுவருக்குள்ளே மட்டும் வேலைசெய்தது, அதோடு சரி. அடுத்த வருடம் மூன்று பேர் பங்குபோட்டு ஒரு சின்ன வாடகை இடம் எடுத்தோம். மாற்றுவதற்கு முதல் நாளே, பெயர் காட்டும் இடத்தை மற்றக் கொம்பியூட்டர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை 300 செக்கனாகக் குறைத்துவிட்டு, ஊரிலிருந்த பிரதியை மேலே ஏற்றினேன். ஒரு மணித்தியாலத்தில் ரொறன்ரோ அண்ணா, "வந்திட்டுது" என்று எழுதினார். கீழே இருந்த பிரதியை நிறுத்தவில்லை. டேட்டா இல்லாத பிள்ளைகள் இன்னும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

வாத்தியாரின் கட்டுரைகள்தான் பாக்கி. அவற்றில் பாதி, யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் இருந்தவை. மல்லாவியில் ஒரு கொமினிகேசன் கடையில் வேர்டில் அடித்து அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பாமினி எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பை. ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி என்று தெரிந்தால் அது 'தமிழ்'. வெறும் ஆங்கில எழுத்து என்பதால் வட்ட ஆர் குழப்பம் அவற்றைத் தொடவேயில்லை. யூனிகோடுக்கு மாற்றக் கருவிகள் இருக்கின்றன. மாற்றினேன், 'கனகராயன்குளம்' வசனத்தின் தொடக்கத்தில் 'குனகராயன்குளம்' என்று வந்தது. 'தண்ணிமுறிப்பு' 'துண்ணிமுறிப்பு' ஆனது. கருவியில் பிழையில்லை. பாமினியில் ஓர் ஆங்கிலச் சின்ன எழுத்து க என்றால் அதன் பெரிய எழுத்து கு. த, து, ம, மு எல்லாம் அப்படித்தான். வேர்ட் வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். அடித்த பிள்ளை கவனிக்கவில்லை.

தெரிந்த ஊர்ப்பெயர் என்றால் திருத்திவிடலாம். வயல்வெளிகளின் பெயர் அப்படியில்லை. போன கிழமை ஒரு வசனம் 'துலைவெளி' என்று தொடங்கியது. அம்மாவிடம் போய், "அது தலைவெளியோ துலைவெளியோ?" என்று கேட்டேன்.

"ரெண்டும் இருக்கு தம்பி. தலைவெளி குளக்கட்டுக்குக் கீழ. துலைவெளி ஆத்துக்கு அங்கால. வாத்தியார் எதைச் சொன்னவர்?"

அடுத்த வரியை வாசித்துக் காட்டினேன். அறுவடைக் காலத்தில் விடியப்புறமே வண்டில் கட்டவேண்டும், சாப்பாட்டையும் கட்டிக்கொண்டுதான் போவோம் என்று எழுதியிருந்தார்.

"அப்ப துலை" என்றா அம்மா. "கட்டுக்குக் கீழ போறதுக்கு ஆர் சோறு கட்டினது?"

வசனத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனேன். அது 'முருதடி' என்று தொடங்கியது.